திசை 330: 'லேடி பீ குட்' பற்றி வாசகர் கேள்விகள்

இரண்டாம் உலகப்போரில் காணாமல் போன விமானங்களைப் பற்றிய குறிப்பில், 1943-இல் தொலைந்து 1958-இல் லிபியப் பாலைவனத்தில் தென்பட்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் 'லேடி பீ குட்' பற்றி இரண்டு வரி எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சில இங்கே.

கடலோரத் தளத்துக்குத் திரும்ப வேண்டிய விமானம் 700 கி.மீ. உள்ளே போய்க் கிடந்திருக்கிறது. ஒன்பது பேர் இருந்தும் தளத்தைத் தாண்டியது ஒருவருக்கும் தெரியாமல் போனது எப்படி?
– வாசகர், திண்டுக்கல்

முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். அது நான்கு என்ஜின் கொண்ட பி-24 லிபரேட்டர். பெங்காசி அருகே உள்ள சுலூக் தளத்திலிருந்து 1943 ஏப்ரல் 4 பிற்பகலில், நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்கக் கிளம்பிய 25 விமானங்களில் ஒன்று. மணற்புயல் அடித்ததால் சில விமானங்கள் என்ஜினில் மணல் புகுந்து பாதியிலேயே திரும்பின. இது நேப்பிள்ஸை நெருங்கியபோது இரவு 7.50. இலக்கு கண்ணுக்குத் தெரியவில்லை. குண்டுகளைக் கடலில் போட்டுவிட்டுத் தனியாகத் திரும்பியது.

நேப்பிள்ஸிலிருந்து சுலூக் ஏறத்தாழ 1,150 கி.மீ. மணிக்கு 300 கி.மீ. என்று வைத்தாலும் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியானால் நள்ளிரவு வாக்கில் தளம் வந்திருக்க வேண்டும். விமானி வில்லியம் ஹாட்டன், தன் திசைகாட்டும் ரேடியோ கருவி வேலை செய்யவில்லை, திசை சொல்லுங்கள் என்று தரைநிலையத்தைக் கேட்டது 12.12-க்கு. பெனினா நிலையம் '330' என்று பதில் சொன்னது. வடக்கிலிருந்து வலச்சுற்றாக எண்ணும் டிகிரி அது. வடமேற்கில், கடல் மேல் இருக்கிறீர்கள் என்று அதற்குப் பொருள். ஹாட்டன் எதிர்பார்த்த திசையும் அதுதான், அதனால் சந்தேகம் எழவில்லை.

சிக்கல் அந்த எண்ணில் இருக்கிறது. தரையில் உள்ள வளைய ஆன்டெனாவைச் சுழற்றி, சிக்னல் மிகவும் மங்கும் நிலையைப் பார்த்துத்தான் திசை கணிப்பார்கள். ஒரு முழுச் சுற்றில் அந்த மங்கல் இரண்டு இடத்தில் வரும், ஒன்றுக்கொன்று நேர் எதிராக, 180 டிகிரி இடைவெளியில். 330-இலிருந்து 180-ஐக் கழித்தால் 150. விமானம் வடமேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தாலும், தளத்தைக் கடந்து தென்கிழக்கே போய்க்கொண்டிருந்தாலும் வெறும் வளையம் காட்டுவது ஒரே கோட்டைத்தான். எந்தப் பக்கம் என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. விமானம் அதற்குள் தளத்தைத் தாண்டியிருந்தது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இந்த ஐயத்தைத் தீர்க்க வழி உண்டு. இன்னொரு நிலையத்திலிருந்தும் அளந்து இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தைப் பார்க்கலாம். நிலையம் ஒன்றுதான் என்றால், விமானம் குறுக்கே இடப்பக்கம் திரும்பிச் சில நிமிடம் பறந்த பிறகு மறுபடி அளக்க வேண்டும். விமானம் வடமேற்கில் இருந்தால் 330 என்ற எண் கூடும். தென்கிழக்கில் இருந்தால் குறையும். திரும்பாமல் நேர்கோட்டிலேயே பறந்தால் எத்தனை முறை அளந்தாலும் எண் மாறாது. அன்று நேராகவே பறந்தார்கள்.

அது அமாவாசையை ஒட்டிய இரவு. கீழே இருப்பது கடலா மணலா என்று மேலிருந்து தெரியாது. தளத்தில் ஏவிய வெளிச்ச வாணங்களும் கண்ணில் படவில்லை. விமானமும் புதிது, ஒன்பது பேருக்கும் அது முதல் தாக்குதல் பயணம். எங்கள் கருத்தில், அந்த இருட்டில் அவர்களிடம் மிஞ்சியிருந்த ஒரே நம்பகமான கருவி கடிகாரம். நள்ளிரவுக்கு மேல் இன்னும் இரண்டு மணி நேரம் தெற்கே போயிருக்கிறோம், கரை எங்கே என்ற கேள்விக்கு அது ஒன்றுதான் பதில் சொல்லியிருக்கும். ஆனால் கையில் '330' இருந்தது, அதை நம்பினார்கள்.

ஆளில்லாமல் விழுந்த விமானம் ஏன் நொறுங்கவில்லை?
– வாசகர், ஈரோடு

எரிபொருள் தீரும் நிலையில், அதிகாலை 2 மணிக்கு ஒன்பது பேரும் பாராசூட்டில் குதித்தார்கள். விமானம் ஒரே ஒரு என்ஜின் ஓட, மெல்ல உயரம் இழந்து மேலும் 26 கி.மீ. பறந்தது. கலன்ஷியோ பகுதியில் அது இறங்கிய இடம் மேடுபள்ளமில்லாத சரளைச் சமவெளி. எரிபொருள் காலியாகி எடை குறைந்திருந்ததால் வயிற்றால் சறுக்கி, இறக்கைக்குப் பின்னால் உடல் முறிந்து நின்றது. எரிய எரிபொருள் இல்லை, அதனால் தீயும் பிடிக்கவில்லை.

1958-இல் எண்ணெய் தேடும் பிரிட்டிஷ் குழுவினர் வானிலிருந்து அதைப் பார்த்தார்கள். 1959-இல் ஆட்கள் நேரில் போனபோது இயந்திரத் துப்பாக்கி சுட்டது, ரேடியோ இயங்கியது, குடிநீரும் இருந்தது. பாராசூட் மட்டும் ஒன்றுகூட இல்லை. குழுவினர் குதித்துவிட்டார்கள் என்று அதை வைத்தே முடிவுக்கு வந்தார்கள்.

அவர்கள் விமானத்தைத் தேடிப் போயிருந்தால் பிழைத்திருப்பார்களா? எதை வைத்து வடமேற்கே நடந்தார்கள்?
– வாசகர், யாழ்ப்பாணம்

துணை விமானி ராபர்ட் டோனரின் சட்டைப்பை நாட்குறிப்பு கிடைத்திருப்பதால் இதற்கு ஓரளவு துல்லியமாகவே பதில் சொல்லலாம். குதித்தவர்கள் வெளிச்ச வாணம் விட்டும் ரிவால்வர் சுட்டும் ஒன்றுசேர்ந்தார்கள். எட்டுப் பேர் வந்தார்கள். குண்டு வீசும் பொறுப்பிலிருந்த ஜான் வொராவ்கா வரவில்லை. அவருடைய பாராசூட் சரியாக விரியவில்லை என்பது 1960 ஆகஸ்டில் அவர் உடல் கிடைத்தபோதுதான் தெரிந்தது.

எட்டுப் பேரிடமும் சேர்த்து இருந்தது கொஞ்சம் உணவு, அரைக் குப்பித் தண்ணீர். ஒரு நாளைக்கு ஒரு மூடி அளவு என்று பங்கு வைத்தார்கள். பகல் வெயிலில் படுத்துக் கிடந்து, மாலை 5 மணிக்கு மேல் எழுந்து, 15 நிமிடம் நடை, 5 நிமிடம் ஓய்வு என்று இரவெல்லாம் நடந்தார்கள். தேடி வருபவர்களுக்காகப் பாராசூட் துணியை அம்புக்குறி போல விரித்துக் கல் வைத்துவிட்டுப் போனார்கள். ஒழுங்கு குலையாத நடை அது.

கடற்கரை பக்கத்தில்தான் என்று நினைத்தார்கள். தளம் வடமேற்கில் இருந்தது உண்மை, ஆகவே திசை சரி. தூரத்தைத்தான் தப்பாக எடுத்துக்கொண்டார்கள். நான்காம் நாள், ஏப்ரல் 8-இல், சமவெளி முடிந்து மணற்குன்றுகள் தொடங்கின. மணல் அடித்து எல்லோருக்கும் கண் கெட்டது. ரேடியோ ஆபரேட்டர் லமோட்டுக்குப் பார்வையே போனது. 9-ஆம் தேதி ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் மூவரும் உதவி தேடிப் பிரிந்து போனார்கள். ஹாட்டன், டோனர், ஹேஸ், ஆடம்ஸ், லமோட் ஐவரும் அங்கேயே இருந்தார்கள். டோனரின் கடைசிக் குறிப்பு ஏப்ரல் 12, திங்கள். அதற்குள் 100 கி.மீ.க்கு மேல் நடந்திருந்தார்கள். மூவர் அதையும் தாண்டிப் போனார்கள்.

விமானம் கிடந்தது அவர்கள் நடந்ததற்கு எதிர்ப்பக்கம். அங்கே தண்ணீர், உணவு, இயங்கும் ரேடியோ. அந்த 26 கி.மீ. தூரம், முதல் இரண்டு இரவுகளில் இருந்த தெம்புக்கு எட்டாததல்ல. ஆனால் ஆளில்லாமல் விட்டு வந்த விமானம் முழுசாக இறங்கியிருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? குதித்த இடத்திலேயே காத்திருந்தாலும் பயனில்லை. தேடுதல் நடந்தது மத்தியதரைக் கடல் மேல். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

எல்லோருடைய உடலும் கிடைத்ததா?
– வாசகர், கோலாலம்பூர்

எட்டுப் பேருடையது கிடைத்தது. 1960 பிப்ரவரியில் ஐவர் ஒரே இடத்தில், மே மாதம் ஷெல்லியும் ரிப்ஸ்லிங்கரும் தனித்தனியாக, ஆகஸ்டில் வொராவ்கா. வெர்னன் மூர் அதிகாரபூர்வமாக இன்னும் கண்டெடுக்கப்படவில்லை.

விமானம் இப்போது எங்கே?
– வாசகர், நாகர்கோவில்

பார்க்கப் போனவர்கள் ஆளுக்கொரு பாகமாகக் கழற்றிக்கொண்டு போனது வருத்தமான சங்கதி. 1968-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் பாலைவன மீட்புக் குழு ஒரு என்ஜினை ஆய்வுக்காக எடுத்தது. 25 ஆண்டு வறண்ட மணலில் கிடந்த உலோகம் என்ன ஆகியிருக்கிறது என்று பார்ப்பதற்காக. மிச்சத்தை 1994-இல் லிபிய அரசு டோப்ருக் ராணுவத் தளத்துக்குக் கொண்டுபோனது. திரிப்போலி அருகே வீலஸ் தளத் தேவாலயத்தில் இவர்கள் நினைவாக வைத்திருந்த வண்ணக் கண்ணாடிச் சாளரம், அந்தத் தளம் மூடப்பட்ட பின் அமெரிக்காவுக்குப் போனது. ஒஹாயோ மாநிலம் டேட்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.