மருத்துவர் பதில்: ‘சொன்னால் கேட்பதில்லை’ என்பது நோயறிதல் அல்ல

கேள்வி: நான் திருச்சியைச் சேர்ந்த செவிலியர். வயது 33. எட்டு மாதங்களாக ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து நான்கு மணி நேரப் பயணத் தொலைவில், ஒரு பூர்வகுடி ஊரின் சிறு மருத்துவ நிலையத்தில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் 36 வயதுக்காரர் ஒருவர் மாரடைப்போடு வந்தார். விமானத்தில் அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். அதே வாரம், வாதக் காய்ச்சல் வந்த பத்து வயதுச் சிறுவன் மாதாந்திர பெனிசிலின் ஊசிக்கு வரவில்லை. மூன்று முறை ஆள் அனுப்பியும் பயனில்லை. சர்க்கரையைக் குறையுங்கள், நடங்கள், புகையை விடுங்கள் என்று தினமும் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்கிறார்கள், சொன்னதைக் கேட்பதில்லை. இவ்வளவு இளம் வயதில் இவர்களுக்கு ஏன் இதய நோய்? கம்பு, கேழ்வரகு என நம் உணவைப் பழக்கலாமா? என் அப்பாவுக்கும் 49 வயதில் மாரடைப்பு வந்தது. அதனால் இது என்னை மிகவும் வாட்டுகிறது.

பதில்: அன்புச் சகோதரிக்கு, நானும் உங்களைப் போல அந்தச் செம்மண்ணில் சில ஆண்டுகள் வேலை செய்தவன். முதல் ஆண்டில் என் குறிப்பேட்டிலும் ‘சொன்னால் கேட்பதில்லை’ என்ற சொற்கள் அடிக்கடி இருந்தன. பிறகு அவற்றை எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தச் சிறுவன். உங்கள் கடிதத்தில் மிக அவசரமானது அவனுடைய ஊசிதான். வாதக் காய்ச்சலை நீங்கள் திருச்சியிலேயே பார்த்திருப்பீர்கள். நம் அரசு மருத்துவமனைகளின் வாசலில் ‘பெனிடியூர் ஊசி’க்குப் பிள்ளைகளோடு காத்திருக்கும் தாய்மார்களை நான் மறக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் மற்ற பிள்ளைகளிடம் இந்த நோய் ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது. பெரும்பாலும் பூர்வகுடிப் பிள்ளைகளையும் டாரஸ் நீரிணைத் தீவுப் பிள்ளைகளையும்தான் இன்னும் விடாமல் பிடித்திருக்கிறது. பணக்கார நாடு ஒன்றில் இது நடக்கிறது என்பதை என்னால் இன்றும் சமாதானமாக ஏற்க முடியவில்லை.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையிலோ சிரங்குப் புண்ணிலோ குடியேறுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது, தவறுதலாகத் தன் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கிக்கொள்கிறது. மூட்டு வலி சில வாரங்களில் போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு போகாது. கிருமி மீண்டும் மீண்டும் வந்தால் தழும்பும் கூடும். அதனால்தான் ஊசி. குறைந்தது 5 ஆண்டுகள் அல்லது 21 வயது வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை போட வேண்டும். வால்வு கெட்டிருந்தால் குறைந்தது 10 ஆண்டுகள். மோசமாகக் கெட்டிருந்தால் 40 வயது வரைகூட. வால்வு சுருங்கிய இளம்பெண்கள் பலருக்குக் கர்ப்பக் காலத்தில்தான் முதன்முதலாக மூச்சுத் திணறும். ஆகவே கர்ப்பிணி ஒருவர் படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் அதைக் கர்ப்பத்தின் இயல்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இப்போது அவன் இடத்தில் இருந்து பாருங்கள். உடம்பில் நோவே இல்லை. ஆனால் மாதாமாதம் தொடையில் அல்லது இடுப்பில் ஓர் ஆழமான ஊசி, அதன்பின் இரண்டு நாள் நொண்டல். எந்தப் பத்து வயதுப் பையன் தானாக நடந்து வருவான்? மருந்தை அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். மரத்துப்போகும் மருந்தைச் சேர்ப்பது பற்றி, தொலைதூர நிலையங்களுக்கான சிகிச்சைக் கையேடான கார்ப்பாவைப் பார்த்து மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்துங்கள். எந்தப் பக்கம் போடலாம் என்பதை அவனே முடிவு செய்யட்டும். மத்திய ஆஸ்திரேலியாவில் சில நிலையங்கள் ‘பௌர்ணமிக்கு வாருங்கள்’ என்று சொல்லிப் பார்த்தன. நாட்காட்டி இல்லாத வீட்டிலும் வானம் இருக்கிறதே என்ற அழகான யோசனை அது. ஆனால் நிலவின் சுற்று இருபத்தொன்பதரை நாள். ஊசியின் கெடு 28 நாள். ஆகவே நிலவை நினைவூட்டலாக வைத்துக்கொண்டு, முழு நிலவு வருவதற்கு முன்பே வரச் சொல்லுங்கள்.

மூன்று முறை ஆள் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். யாரை அனுப்பினீர்கள், யாரிடம் போய்ச் சொன்னார்கள்? அங்கே பிள்ளையின் பொறுப்பு பல வேளைகளில் பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ இருக்கும். ஊரில் துக்கம் நிகழ்ந்திருந்தால் முழுக் குடும்பமும் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். நம் வீட்டில் சாவு விழுந்தால் நாமும் பிள்ளையின் தடுப்பூசித் தேதியை நினைப்பதில்லை. அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரிந்தால் அந்த ஊர் நிலையத்திலேயே ஊசி போடலாம். வாதக் காய்ச்சல் நோயாளிகளின் பதிவேடு டெரிட்டரி முழுவதற்கும் பொதுவானது.

அடுத்து, ‘எல்லாவற்றுக்கும் சரி என்கிறார்கள்’ என்பது. அந்த ஊரில் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது, நான்காவது மொழி. அதிகாரத்தில் இருப்பவர் வேகமாகக் கேட்கும்போது ‘ஆம்’ என்பது மரியாதை, சம்மதம் அல்ல. ஒரு நகர மருத்துவமனையில் வால்வு அறுவைக்குக் காத்திருந்த முதிய பெண்மணி ஒருவர், முந்தைய இரவு யாரிடமும் சொல்லாமல் ஊருக்குத் திரும்பிவிட்டார். ‘மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறினார்’ என்று தாளில் எழுதி முடித்துவிட்டார்கள். பல வாரம் கழித்து அவருடைய மொழி தெரிந்த சுகாதாரப் பணியாளர் உட்கார்ந்து கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ‘உங்கள் இதயத்தை நிறுத்தி வைப்போம்’ என்று மருத்துவர் சொன்னது மட்டும் அவருக்குப் புரிந்திருக்கிறது. அதைத் திரும்ப ஓட வைப்போம் என்று யாரும் அவருடைய மொழியில் சொல்லவில்லை. அவர் செய்தது முழுக்க நியாயமான காரியம். அன்றிலிருந்துதான் ‘சொன்னால் கேட்பதில்லை’ என்று நான் எழுதுவதில்லை.

உங்கள் நிலையத்தில் பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளர் இருப்பார். உங்களைவிட இளையவராக, சம்பளம் குறைந்தவராக இருக்கலாம். இந்த வேலையில் அவர்தான் உங்களுக்கு மூத்தவர். அவர் முன்னே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். பெரியவர்களை அவர் ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’ என்பார்; அது நம் ஊரில் அத்தை, பெரியப்பா என்பதைப் போன்ற மரியாதை. அந்த 36 வயதுக்காரரின் தொடர் சிகிச்சையை ஆண் பணியாளர் ஒருவர் மூலம் செய்யுங்கள். பெண்ணிடம் பேசக் கூடாதவை ஆண்களுக்கு அங்கே நிறைய உண்டு.

ஏன் இளம் வயதில் என்று கேட்டீர்கள். சர்க்கரை நோய், சிறுநீரக நோய், புகை மூன்றும் முன்கூட்டியே சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் 2023இல் வெளியான ஆஸ்திரேலிய வழிகாட்டி, மற்றவர்களுக்கு 45 வயதில் தொடங்கும் இதய அபாயக் கணிப்பைப் பூர்வகுடி மக்களுக்கு 30 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது. இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை போன்றவற்றை 18 வயதிலிருந்தே பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதை மறக்கவே கூடாது. அங்கே சிறுநீரகமும் இதயமும் சேர்ந்தே கெடும். பூர்வகுடி மக்களுக்கு ஆண்டுதோறும் செய்யும் உடல்நலப் பரிசோதனை (அரசுப் பட்டியலில் 715 எண்) இலவசம். மருந்துச் செலவைக் குறைக்கும் ‘குளோசிங் த கேப்’ சலுகையும் உண்டு. அந்த 36 வயதுக்காரருக்குத் தம்பி, தங்கை இருந்தால் இந்த மாதமே அவர்களை அழைத்துவிடுங்கள்.

ஆனால் நோய்க்கு முந்திய கதை ஒன்று இருக்கிறது. மிஷன்களும் கால்நடைப் பண்ணைகளும் பல பத்தாண்டுகள் கூலிக்குப் பதிலாக மாவு, சர்க்கரை, தேயிலை, புகையிலை என்று ரேஷன் கொடுத்தன. 1966இல் வேவ் ஹில் பண்ணையிலிருந்து வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் குரிஞ்சி மக்கள் வெளியேறியதற்குப் பின்னால் அந்த ரேஷன் வாழ்வும் இருந்தது. இன்று நீங்கள் குறைக்கச் சொல்லும் சர்க்கரையும் வெள்ளை மாவு ரொட்டியும் அவர்கள் தேடிப்போய்ப் பிடித்துக்கொண்ட பழக்கங்கள் அல்ல.

ஆகவே கம்பு, கேழ்வரகு வேண்டாம், சகோதரி. நல்ல எண்ணம்தான். ஆனால் வெளியிலிருந்து இன்னொரு மாவு மூட்டை அவர்களுக்குத் தேவையில்லை. 1982இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் டெர்பிக்கு அருகிலுள்ள மொவன்ஜம் ஊரைச் சேர்ந்த, சர்க்கரை நோயுள்ள 10 பேர், ஆய்வாளர் கெரின் ஓடேயோடு தங்கள் பாரம்பரிய நிலத்துக்குப் போய் 7 வாரம் வாழ்ந்தார்கள். கங்காரு, மீன், ஆமை, காட்டுக் கிழங்கு, தேன் என்று தாங்களே தேடி உண்டார்கள். சராசரியாக 8 கிலோ எடை குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறத்தாழ 210இலிருந்து 120 அளவுக்கு இறங்கியது. எல்லாரும் காட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அவர்களுடைய உடலில் குறையில்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. வேட்டைக்கும் கிழங்கு தோண்டவும் போகும் நாட்களைக் கூட்டுங்கள். அதற்கு வண்டியும் டீசலும் கிடைக்க நிலையம் உதவட்டும். பாட்டிமார் பேரப்பிள்ளைகளோடு நடக்கும் அந்த நடை, நீங்கள் சொல்லும் முப்பது நிமிட நடையைவிடப் பெரியது.

மற்ற நாட்களில் உணவு ஊர்க் கடையிலிருந்துதான் வரும். அங்கே எது கண்மட்டத்தில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். டெரிட்டரியிலும் குயின்ஸ்லாந்திலும் தொலைதூர ஊர்களின் 20 கடைகளில் நடந்த ஆய்வில், பாதிக் கடைகள் 12 வாரம் குளிர்ப்பெட்டியின் முகப்பில் இனிப்புப் பானங்களைக் குறைத்து, பெரிய பாட்டில்களைக் கட்டுப்படுத்தின. விற்ற சர்க்கரை குறைந்தது. கடைக்கு நட்டமும் வரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கடைக் குழுவில் இருப்பார்கள். அவர்கள் விரும்பினால் அவர்களே அதைச் செய்வார்கள்.

புகையைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். தனி ஆளிடம் ‘விடுங்கள்’ என்று சொல்வதைவிட, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் புகை வேண்டாம் என்று குடும்பமே முடிவெடுப்பது நிற்கும். கூடவே நிக்கோட்டின் ஒட்டுகளைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

பிறகு வீடு. இதைச் செவிலியரின் வேலையில்லை என்று நினைக்காதீர்கள். 1987இலேயே தென் ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், பிச்சன்சாச்சாரா மக்களின் நிலத்தில், அவர்களுடைய சுகாதார மன்றம் ஆராய்ந்து, நலவாழ்வுக்கு வீடு செய்ய வேண்டியவற்றில் முதலாவது பிள்ளைகளைக் குளிப்பாட்ட முடிவது என்று சொன்னது. அந்த வழியில் பிற்பாடு ஆயிரக்கணக்கான வீடுகளில் பழுது பார்த்தபோது, பழுதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தவறான பயன்பாடு காரணம். பெரும்பகுதி பராமரிப்பின்மை, மீதி மோசமான கட்டுமானம். பன்னிரண்டு பேர் வாழும் வீட்டில் குழாய் உடைந்து ஆறு மாதமாகச் சரிசெய்யப்படாமல் இருந்தால், சிரங்கு வரும், கிருமி வரும், வால்வு கெடும். அந்தச் சிறுவனின் வீட்டில் வெந்நீர் வருகிறதா, துணி துவைக்கும் இயந்திரம் ஓடுகிறதா என்று கேட்டு, பழுது இருந்தால் வீட்டுவசதித் துறைக்கு மருத்துவக் காரணம் காட்டி நீங்களே கடிதம் எழுதுங்கள். நான் எழுதிய கடிதங்களில் பாதிக்குப் பதில் வரவில்லை. மீதிப் பாதிக்குக் குழாய்க்காரர் வந்தார்.

கடைசியாக உங்களைப் பற்றி. அப்பாவுக்கு 49 வயதில் மாரடைப்பு என்றால், தெற்காசியர்களான நமக்கும் இந்த நோய் முந்தித்தான் வருகிறது. ஊரின் பெண்களுக்குப் பரிசோதனை நாள் ஒன்று வைக்கும்போது, அவர்களோடு வரிசையில் உட்கார்ந்து உங்கள் இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் அந்தச் சுகாதாரப் பணியாளரையே பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவின் கதையையும் அவர்களிடம் சொல்லுங்கள். அன்று அந்தச் சிறுவனின் பாட்டியும் வந்திருந்தால், ஊசியைப் பற்றி முதலில் அவரிடம் கேளுங்கள்.