செவன் வகைக் காருக்கு எந்த எஞ்சின்? கேள்வி பதில்

1957-ல் லோட்டஸ் கொண்டுவந்த செவன் காரின் வடிவத்தில், சதுரக் குழாயில் சட்டம் வெல்டு பண்ணி வீட்டு ஷெட்டிலேயே கார் கட்டுறவங்களுக்கான பகுதி. இன்னைக்கு எஞ்சின் மட்டும்: நம்பகமான, மலிவான எஞ்சின் எதுங்கிறதுதான் கேள்வி. பெயின்ட், சீட், சஸ்பென்ஷன் எல்லாம் வேறொரு நாள்.

குமரன், லெஸ்டர்: அண்ணா, சட்டம் முக்கால்வாசி முடிஞ்சது. எஞ்சினுக்குன்னு 1,500 பவுண்டு ஒதுக்கியிருக்கேன். எதை வாங்கலாம்?

எஞ்சினை வாங்காதீங்க. ஓடுற நிலையில் ஒரு முழுக் காரை வாங்குங்க. இந்தப் பகுதி முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போறேன், இப்பவே சொல்லிடுறேன்.

அந்தக் கார் மஸ்தா எம்எக்ஸ்-5. பழசுகளில் கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' தகடு பின்பக்கம் துருப்பிடிச்சு, பிரிட்டனின் வருஷாந்திர எம்.ஓ.டி. சோதனையில் தோத்துப்போறது சாதாரணம். உடம்பு போயிருக்கும், எஞ்சின் கல்லு மாதிரி இருக்கும். உங்களுக்கு உடம்பு தேவையில்லை. எஞ்சின், அதோட பொறந்த கியர்பாக்ஸ், கிளட்ச், டிஃபரன்ஷியல், டிரைவ்ஷாஃப்ட், ஹப், பிரேக், ரேடியேட்டர், வயரிங், ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ஏர்ஃப்ளோ மீட்டர், ஃபியூயல் பம்ப், ஸ்டியரிங் காலம், சாவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்குது. இதையே தனித்தனியா தேடிப்போனா எஞ்சின் விலை அதில் சின்னத் தொகையா ஆயிடும்.

இன்னொரு காரணம், இந்த எஞ்சின் நீளவாக்கில் நின்னு பின்சக்கரத்தை ஓட்டுது. செவனுக்கு வேண்டியது அதேதான். முதல் தலைமுறையில் 1.6-ம் 1.8-ம் இரும்பு பிளாக், இரட்டை கேம். டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. புது பெல்ட் போட்டு ஓட்டலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. ஆரம்ப 1.6-களில், சுமார் 1991 நடுப்பகுதி வரை, கிராங்கின் மூக்கு குட்டை. கீ இருக்கும் பள்ளம் தேய்ஞ்சு புல்லி ஆட்டம் காணும், டைமிங் நகரும், கடைசியில் கிராங்கே போகும். முன்னாடி குனிஞ்சு கிராங்க் புல்லியின் நடுப்பகுதியைப் பாருங்க: நாலு வெட்டு இருந்தா குட்டை மூக்கு, எட்டு இருந்தா நல்லது. அடுத்தது, பிரிட்டனில் 1995-க்கு அப்புறம் விற்ற முதல் தலைமுறை 1.6 வெறும் 90 பி.எஸ். (குதிரைத்திறன் மாதிரி ஒரு அளவு). அதுக்கு முந்தைய 1.6 சுமார் 115. 1.8-ன்னா 130-ஐ ஒட்டி வரும். பேட்ஜைப் பார்த்து ஏமாறாதீங்க.

காசு கொடுக்குறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் டெஸ்ட். எஞ்சின் நல்லா சூடானதும் நாலு பிளக்கையும் கழட்டி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டிச்சு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிச்சபடி கிராங்க் பண்ணணும். எண் எவ்வளவுங்கிறதைவிட நாலுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருக்கணும். ஒண்ணு மட்டும் குறைவா வந்தா அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினா ரிங் தேய்மானம். ஏறலைன்னா வால்வு, இல்லை கேஸ்கெட்.

குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது மேலே 'டிக் டிக்'னு கேட்டா பயப்பட வேண்டாம். ஹைட்ராலிக் டாப்பெட். புது ஆயில் ஊத்தினா பெரும்பாலும் அடங்கிடும். கீழே இருந்து 'டொக் டொக்'னா அடுத்த காரைப் பாருங்க.

நிர்மலா, பர்மிங்ஹாம்: எம்எக்ஸ்-5-ல் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கிற நீளமான அலுமினியச் சட்டம் இருக்கே, அதைச் செவனில் வைக்கணுமா?

பெரும்பாலான செவன் சட்டங்களில் அதுக்கு இடமில்லை, வெளியே எடுத்துடுவாங்க. எடுத்தா ரெண்டு வேலை கூடுது. கியர்பாக்ஸ் வாலுக்குத் தனி மவுண்டிங் வேணும், ஏன்னா மஸ்தாவில் அந்த வாலைத் தாங்குறதே அந்தச் சட்டம்தான். டிஃபரன்ஷியல் மூக்கு மேலே தூக்காம இருக்கவும் தனி பிராக்கெட் வேணும். ரெண்டாவதை மறந்துட்டுப் பலமா கிளட்ச் விட்டீங்கன்னா பின்பக்க மவுண்டிங் காதுகள் உடையும். புரொப்பெல்லர் ஷாஃப்டை அளவு எடுத்துச் சுருக்கி, பேலன்ஸ் பண்ணி வாங்கணும். பேலன்ஸ் இல்லாத ஷாஃப்ட் உங்க முழங்கைக்குப் பக்கத்தில் சுத்தும், ஞாபகம் வச்சுக்குங்க.

செல்வா, லீட்ஸ்: ஃபோர்டு ஸீடெக் காயலான் கடையில் சும்மா மாதிரி கிடைக்குது. அது ஏன் வேண்டாம்?

வேண்டாம்னு சொல்லலை. எஞ்சின் நல்லது, கெட்டி, இரும்பு பிளாக், கொஞ்சம் கனம். ஆனா அது குறுக்கா நின்னு முன்சக்கரம் ஓட்டிய எஞ்சின். நேரா திருப்பணும்னா ஃபோர்டு சியரா காலத்து டைப் 9 கியர்பாக்ஸ், அதுக்குப் பொருந்தும் கிளட்ச், பானட்டுக்கு அடியில் அடங்குற ஆழம் குறைஞ்ச சம்ப் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி), பின்னாடி முட்டுற தண்ணிக் குழாய்க்கு மாற்று, இன்லெட் மேனிஃபோல்டு, புது ஈ.சி.யு. எல்லாம் வரிசையா நிக்கும். ஃபோர்டின் பழைய கென்ட் எஞ்சினின் பெல்ஹவுசிங் (கியர்பாக்ஸோட முன்கூடு) போல்ட் அமைப்பே இதுக்கும் பொருந்துறது ஒரு ஆறுதல். சும்மா கிடைச்ச எஞ்சினுக்கு டைப் 9 பெட்டி விலை கேட்டுப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

ஃபோர்டின் டியூராடெக்னா அலுமினியம், இலகு, பெல்ட்டுக்குப் பதில் செயின். செவனை இன்னும் கட்டுற கேட்டர்ஹாம் கம்பெனி அதையே வச்சு விக்குது. அதில் ஒரு கண்ணி இருக்கு. கிராங்க் புல்லிக்கும் டைமிங் பல்சக்கரத்துக்கும் கீ கிடையாது. எல்லாத்தையும் இறுக்கிப் பிடிக்கிறது நடுவில் இருக்கும் ஒத்தை போல்ட்தான். புல்லி சீல் மாத்தலாம்னு அதை லேசா தளர்த்தினாலே டைமிங் போச்சு. கேம் பூட்டும் தகடும் கிராங்க் பூட்டும் பின்னும் போடாம அதைத் தொடவே கூடாது. ஒவ்வொரு முறையும் புது போல்ட்: 100 நியூட்டன் மீட்டர், அதுக்குமேல் 90 டிகிரி.

வினோத், குரோய்டன்: 1.6 போதுமா, 1.8 வேணுமா?

600 கிலோ காருக்கு 130 பி.எஸ். இருந்தா டன்னுக்கு 215-க்கு மேல். எது நல்ல நிலையில் கிடைக்குதோ அது.

ஜெகன், ஹரோ: அண்ணை, ரோவர் கே சீரிஸ் என்ன மாதிரி? இலகுவானது, மலிவாயும் கிடைக்குது.

முதல் கார் கட்டுறவருக்கு வேண்டாம். ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போயிடும்.

எழில், நாரிச்: இந்த 'ஹெட் கேஸ்கெட்' பல்லவியைக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. லோட்டஸ் எலீஸ் அதில்தான் ஓடிச்சு, கேட்டர்ஹாமும் வருஷக்கணக்கா போட்டாங்க. முழு எஞ்சினும் நூறு கிலோவை ஒட்டித்தான். செவனில் முன் அச்சு மேல இருக்கும் கனத்தைக் குறைக்க இதைவிட என்ன வழி? உங்க மஸ்தா இரும்புப் பாறை.

கனத்தில் நீங்க சொல்றது சரி, அதில் தகராறே இல்லை. ஆனா அந்த எஞ்சின் ஏன் கெட்டதுன்னு தெரிஞ்சவங்க கையில்தான் அது நல்லா ஓடும்.

சிலிண்டர் ஹெட்டில் நுழையும் பத்து நீள போல்ட், பிளாக்கைத் துளைச்சுக் கீழே ஆயில் ரெயில் வரை போகுது. மொத்த எஞ்சினும் அந்தப் பத்து போல்ட்டில் கோத்த அடுக்கு. நடுவில் தனி லைனர்கள், அதாவது பிஸ்டன் ஓடும் குழாய்கள். அவை பிளாக்கின் மட்டத்தைவிட மயிரிழை உயரமா நிக்கணும். தாழ்ந்துட்டா எந்தக் கேஸ்கெட் போட்டாலும் நிக்காது. ஹெட்டை நிலைநிறுத்தும் 'டவல்'ங்கிற சின்ன முளை ஆரம்பத்தில் பிளாஸ்டிக். சூட்டில் ஹெட் நகர இடம் கொடுக்கும். தண்ணி அளவோ குறைவு, தெர்மோஸ்டாட் எஞ்சினுக்குத் தண்ணி உள்ளே வரும் பக்கம். எஞ்சின் சூடாகி தெர்மோஸ்டாட் திறக்கும்போது ரேடியேட்டரில் இருந்த குளிர்ந்த தண்ணி ஒரே மூச்சில் பாயும். அந்த அதிர்ச்சி திரும்பத் திரும்பக் கேஸ்கெட்டின் ரப்பர் ஓரத்தைத் தின்னும். தண்ணி கொஞ்சம் குறைஞ்சா போதும், மீட்டர் முள் காட்டுறதுக்குள் கதை முடிஞ்சிருக்கும்.

எழில், நாரிச்: அதெல்லாம் எஞ்சின் நடுவில் இருந்த எம்.ஜி.எஃப். காரின் கதை. ரேடியேட்டர் முன்னாடி, எஞ்சின் பின்னாடி, நடுவில் நீளக் குழாய். செவனில் ரேடியேட்டர் ஒரு முழம் தள்ளி. பலதகடு கேஸ்கெட், ஸ்டீல் டவல் போட்டா முடிஞ்சது. நீங்க சொன்ன டியூராடெக் போல்ட் மட்டும் என்ன சாதுவா?

டியூராடெக் போல்ட்டை நீங்க தொடாதவரை அது உங்களைத் தொடாது. கே சீரிஸ் நீங்க சும்மா ஓட்டும்போதே கெட்டுப்போகும், வித்தியாசம் அங்கேதான். மத்தபடி நீங்க சொன்னதில் பாதி சரி: குழாய் சின்னதா இருந்தா ஆபத்து குறையும், தீராது. பலதகடு கேஸ்கெட்டும் லைனர் உயரத்தை அளக்காம போட்டா வீண். ஸ்டிரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வச்சு நாலு லைனரையும் அளக்கத் தயாரா இருக்குறவங்க தாராளமா போடலாம். ஹெட் போல்ட் முறை: நடுவிலிருந்து சுருளா வெளியே போகணும், முதலில் 20 நியூட்டன் மீட்டர், அப்புறம் 180 டிகிரி, மறுபடி 180 டிகிரி. கடைசிச் சுத்தில் பயந்து நிறுத்துறவங்க நிறைய, அதனாலயே திரும்பக் கழட்டுறவங்களும் நிறைய.

ஜெகன், ஹரோ: அப்ப நான் என்ன செய்ய?

எஞ்சினை முதுகுக்குப் பின்னாடி வைக்கிற காரா இருந்தா கே சீரிஸை அதோட சொந்த கியர்பாக்ஸோட அப்படியே தூக்கி வைக்கலாம், கணக்கு சரியா வரும். செவன்னா மஸ்தா. இதோட கே சீரிஸ் பேச்சை முடிச்சுக்கலாம். எழில், ராத்திரி தனியா எழுதுங்க, சண்டை போடலாம்.

பிரகாஷ், கோவை: சார், நம்ம ஊரில் இதே மாதிரி கட்டி ரோட்டில் ஓட்ட எந்த எஞ்சின் சரி?

எந்த எஞ்சின் போட்டாலும் ரோட்டுக்கு வராது. நீங்களே கட்டிய காரைப் பதிவு பண்ண பிரிட்டனில் இருக்கும் ஒற்றை வாகனச் சோதனை (ஐ.வி.ஏ.) மாதிரி வழி இந்தியாவில் நடைமுறையில் இல்லை. மாடலுக்கு ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி வாகனச் சோதனை அமைப்பின் அனுமதி வேணும், அது கம்பெனிகளுக்கான செலவு. இருக்குற காரை உருமாத்தவும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்குது; 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்திடுச்சு.

டிராக்குக்குன்னா நல்ல வழி இருக்கு. மாருதி ஜிப்ஸி கிங்கின் 1.3 லிட்டர், 16 வால்வ், எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின், சுமார் 80 குதிரைத்திறன். நீளவாக்கில் நிக்குது, கியர்பாக்ஸ் கூடவே. அதில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியா, குட்டி ஷாஃப்ட்டில் இணைஞ்சிருக்கும். அதைக் கழட்டிட்டு கியர்பாக்ஸ் வாலிலிருந்து நேரா டிஃபரன்ஷியலுக்குப் போயிடலாம். எஸ்டீமும் இதே குடும்பம், உதிரி பாகம் மலிவு, உங்க ஊர்ப் பந்தயக் கார்களில் ஊறின எஞ்சின், பிரிக்கத் தெரிஞ்ச கை அங்கே நிறைய. செட்டிபாளையம் டிராக்கே உங்க பக்கத்தில்தானே.

தினேஷ், சென்னை: சுஸுகி ஹயபுசா பைக் எஞ்சின் போட்டா? 1,340 சி.சி.யில் எவ்வளவு பவர்!

பவர் இருக்கு, ரிவர்ஸ் கியர் இல்லை. அது சின்ன விஷயம். பெரிய விஷயம் ஆயில். பைக் வளைவில் சாயும், அதனால் ஆயில் சம்புக்கு நடுவிலேயே நிக்கும். கார் சாயாது. நீள வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், பிக்கப் காத்தை உறிஞ்சும், பேரிங் சில விநாடியில் போகும். தடுப்புத் தகடு வச்ச சம்ப் குறைந்தபட்சம், ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கிற டிரை சம்ப் உத்தமம். கிளட்ச்சும் 200 சொச்சம் கிலோ பைக்குக்காகச் செஞ்சது. கேள்வியில் 'நம்பகமான, மலிவான'ன்னு இருந்ததே, அந்த ரெண்டுக்கும் இது பதில் இல்லை.

ஹரிணி, கொழும்பு: டொயோட்டா 4ஏ-ஜிஇ?

அருமையான எஞ்சின். பின்சக்கரக் காருக்கான கியர்பாக்ஸோட கிடைச்சா வாங்குங்க. இப்ப அதுக்குக் கேக்குற விலையில் 'மலிவு' இல்லை.

அருண், ஸ்லாவ்: டர்போ?

முதலில் சும்மா ஓடட்டும்.

மதன், லூட்டன்: அண்ணா, எம்எக்ஸ்-5 எஞ்சின் மட்டும் தனியா 250 பவுண்டுக்கு வருது, வாங்கிடவா?

மேலே முதல் பதில், முதல் வரி.

சுதா, ரெடிங்: 1.6-ஆ 1.8-ஆ?

வினோத்துக்குச் சொன்னதே. கேக்குறதுக்கு முன்னாடி மேலே ஒரு தடவை படிச்சுடுங்க.

பாலா, கோவன்ட்ரி: ஐ.வி.ஏ. சோதனையில் புகை அளவு எப்படிப் பார்ப்பாங்க?

எஞ்சின் தயாரான தேதியைப் பொறுத்து. அதை நிரூபிக்கிறது உங்க பொறுப்பு. கழட்டிய காரின் லாக்புக்கையும் எஞ்சின் நம்பர் போட்டோவையும் பத்திரமா வச்சுக்குங்க. தனி எஞ்சின் வாங்குறவங்க மாட்டுற இன்னொரு இடம் இது.

குமரன், லெஸ்டர்: அண்ணா, கடைசியா ஒண்ணு. செவனில் ஹீட்டர் வைக்கலை. எஞ்சின் பின்னாடி ஹீட்டருக்குப் போகும் ஹோஸை மூடி போட்டு அடைச்சுடலாமா?

நல்லவேளை கேட்டீங்க, அடைக்கவே கூடாது. மஸ்தா எஞ்சினில் தண்ணி பம்பும் முன்னாடி, தெர்மோஸ்டாட்டும் முன்னாடி. உள்ளே வந்த தண்ணி முன்பக்கமே சுத்திட்டு வெளியே போகப் பார்க்கும். நாலாவது சிலிண்டர் பக்கம் ஓட்டம் இருக்குறதே ஹீட்டர் வழியாத்தான். அதை அடைச்சா மீட்டர் சரியா காட்டும், பின்பக்க ஹெட் வேகும். ஹோஸை வளைச்சு, ஹீட்டரிலிருந்து திரும்பி வரும் குழாயிலேயே சேர்த்துடுங்க. டிராக்கில் ஓட்டுறதா இருந்தா தெர்மோஸ்டாட்டை ஹெட்டின் பின்பக்கத்துக்கே மாத்தலாம், அதுக்கு ஸ்பேசர் கிடைக்குது.

அந்தப் பக்கம் கை போகும்போதே கேம் ஆங்கிள் சென்ஸரின் ஓ-ரிங்கையும் மாத்திடுங்க. எப்பவும் ஒழுகும், சின்னக் காசு, எஞ்சினை உள்ளே வச்சப்புறம் கை போகாது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி அதே சென்ஸரின் பிளக்கைக் கழட்டி வச்சா தீப்பொறியும் வராது, பெட்ரோலும் பீய்ச்சாது. ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்புற வரை கிராங்க் பண்ணுங்க. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், ஸ்டார்ட்டர் மோட்டார் சூடாகும். முள் எழும்பினதும் எல்லாத்தையும் மாட்டி ஸ்டார்ட் பண்ணலாம்.