திரையில் கேட்கும் குரல்கள்: வாசகர் கேள்வி பதில்

அண்மைக் காலப் படங்களில் உங்கள் மனத்தில் தங்கிவிட்ட நடிப்பு எது என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு இவ்விதழில் விடை எழுதுகிறேன்.

கேள்வி: ‘மெய்யழகன்’ படத்தைக் குடும்பத்தோடு பார்த்தோம். கார்த்திதான் படத்தைத் தாங்குகிறார் என்கிறான் என் மகன். எனக்கோ அரவிந்த் சாமியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. எங்களில் யார் பக்கம் நீங்கள்? (வாசகி, பள்ளத்தூர்)

உங்கள் பக்கம்தான், அதற்காக மகனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கார்த்தியின் பாத்திரம் ஓயாமல் பேசுகிறது, உபசரிக்கிறது, ‘அத்தான், அத்தான்’ என்று பின்னாலேயே வருகிறது. பார்ப்பவருக்குச் சலிப்புத் தட்டாமல் அதைச் செய்து முடிப்பது எளிதன்று. ஆனால் அரவிந்த் சாமிக்கு வாய்த்தது அதைவிடக் கடினமான வேலை. எதிரே இருப்பவனின் பெயர் நினைவுக்கு வரவில்லை. அதைக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தை மறைத்துக்கொண்டு இரவு முழுவதும் அவன் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்பவரின் முகம் சரியாக இல்லாவிட்டால், பேசுபவரின் அன்பு வெறும் வாயாட்டமாகப் போய்விடும்.

1996இல் தஞ்சாவூர்ப் பூர்விக வீட்டை இழந்து சென்னைக்குப் போன ஒரு குடும்பத்தின் பிள்ளை, 22 ஆண்டுகள் கழித்துத் தங்கையின் திருமணத்துக்காக நீடாமங்கலத்துக்கு வருகிறார் என்பதுதான் கதை. கதை நடப்பது சோழநாட்டில் என்றாலும், நமக்கு இது அயலார் கதையாகத் தோன்றவில்லை. பங்காளிகள் எட்டு ஊர்களில் பிரிந்து கிடக்க, படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கும்) கல்யாணத்துக்கும் மட்டும் பூட்டுத் திறக்கிற வீட்டின் முகப்பில் நின்று, ‘என்னைத் தெரிகிறதா அண்ணே?’ என்று கேட்டவரிடம் ‘தெரியாமல் என்ன!’ என்று சிரித்துச் சமாளித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தச் சிரிப்பை அரவிந்த் சாமி முகத்தில் அப்படியே கண்டேன்: உதடு விரிகிறது, கண் மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

கொண்டுவந்த நகைகளை மணமேடையிலேயே தங்கைக்கு அணிவிக்கும் காட்சியில் அவர் பேசுவது மிகக் குறைவு. நான் பார்த்த அரங்கில் என் அருகில் அமர்ந்திருந்த பெரியவர், அந்த இடத்தில் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். இயக்குநர் ச. பிரேம்குமார் அந்தக் காட்சியை அவசரப்படுத்தவில்லை. வெளியான சில நாள்களில், நீளம் கருதி ஏறக்குறைய 18 நிமிடங்களைப் படத்திலிருந்து குறைத்தார்கள். இரவுப் பேச்சின் ஒரு பகுதி அதில் போயிற்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்குவது நீளமாகத்தான் இருக்கும்.

கேள்வி: ‘கொட்டுக்காளி’யில் கதாநாயகி வாயே திறப்பதில்லை. சூரியோ தொண்டை கட்டிய குரலில் முனகுகிறார். பின்னணி இசையும் கிடையாது. இதில் பாராட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். (வாசகர், தேவகோட்டை)

உண்மையாகவே கேட்டிருக்கிறீர்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய அந்தப் படத்தில் பின்னணி இசை இல்லாதது சிக்கனத்தால் அன்று. எந்த இடத்தில் கலங்க வேண்டும், எந்த இடத்தில் அஞ்ச வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தர இசை வராதபோது, நடிகரின் மூச்சும் ஆட்டோவின் இரைச்சலும் சேவலின் சிறகடிப்பும்தான் மிஞ்சுகின்றன. அந்த வெறுமையில் பொய்யாக ஒரு முகச்சுளிப்பு வந்தாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அன்னா பென் ஏற்ற மீனா, வேறு சாதி இளைஞனை விரும்பியதால் பேய் பிடித்தவள் என்று முடிவுகட்டப்பட்டு, சாமியாடியிடம் அழைத்துச் செல்லப்படுகிற பெண். அவள் பேசாதிருப்பதே அவளுடைய எதிர்ப்பு. வழியில் எங்கிருந்தோ கேட்கும் ஒரு திரைப்பாட்டை அவள் தன்னையறியாமல் முணுமுணுக்கிறாள், அவ்வளவுதான்; அதைக் கண்ட சூரியின் பாத்திரமான பாண்டி வெறிகொண்டு, அவளை மட்டுமன்றித் தடுக்க வந்தவர்களையும் சேர்த்து அடிக்கிறான். தொண்டை கட்டிய குரலால் கத்த முடியாத ஒருவனின் ஆத்திரம் முழுவதும் கையில் இறங்குவதை அங்கே பார்க்கிறோம். நகைச்சுவைக் காட்சிகளில் குரலை வைத்தே நம்மைச் சிரிக்கவைத்த நடிகர், அந்தக் குரலையே கழற்றி வைத்துவிட்டு நடித்திருக்கிறார். ‘விடுதலை’ முதற்பாகத்தில் அவர் எட்டிய உயரத்தை விட இது ஒரு படி மேல் என்பது என் கருத்து. இன்னொரு முறை, வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியைத் தள்ளி வைத்துப் பாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் எழுதுங்கள். உங்கள் மறுப்பையும் வெளியிடுவேன்.

கேள்வி: வட்டார வழக்கை அண்மையில் நன்றாகப் பேசி நடித்தவர் யார்? (வாசகர், புதுவயல்)

‘அமரன்’ படத்தில் மேஜர் முகுந்த் வரதராஜனின் மனைவியாக வரும் சாய் பல்லவி. மலையாளம் கலந்த தமிழை அவர் கேலிக்குரியதாக ஆக்காமல், துயரம் மிகும்போது தாய்மொழிச் சாயல் கூடுவதையும் கவனித்துப் பேசியிருக்கிறார். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் சசிகுமார் ஈழத்தமிழில் பேசியதையும் சொல்ல வேண்டும்; பேச்சு வெளிப்பட்டால் ஆபத்து என்ற நிலையிலுள்ள குடும்பம் என்பதால், அங்கே உச்சரிப்பே கதையாகிவிடுகிறது.

கேள்வி: எங்கள் ஊர் வீடுகளைப் படத்துக்குப் படம் காட்டுகிறார்கள். எங்கள் பேச்சை மட்டும் ஏன் காட்டுவதில்லை? (வாசகி, கானாடுகாத்தான்)

இந்தக் குறை எனக்கும் நெடுநாளாக உண்டு. தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் உள்ள முகப்பு, திரையில் ஒருநாள் வேறு மாவட்டத்து ஜமீன்தார் வீடாகிறது, மறுநாள் வில்லனின் மாளிகையாகிறது. அந்த வீட்டுக்குள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய சொற்களைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. ‘ஆச்சி’ என்றால் திரையில் எப்போதும் நரைத்த கிழவிதான். நம் நகரத்தார் வீடுகளில் அக்காளையும் ஆச்சி என்றுதான் அழைப்போம். இருபது வயது ஆச்சியும் இங்கே உண்டு. தந்தையை ‘அப்பச்சி’ என்றும், தந்தையைப் பெற்றவளை ‘அப்பத்தா’ என்றும், தாயைப் பெற்றவளை ‘ஆயா’ என்றும் சொல்லும் வீட்டில், நடிகர்கள் ‘டாடி’ என்றோ ‘பாட்டி’ என்றோ அழைத்துக்கொண்டு நடந்தால், தூண்கள் மட்டும் உண்மையாகவும் மனிதர்கள் பொய்யாகவும் தெரிகிறார்கள். படப்பிடிப்புக்கு வீட்டை விடுகிறவர்கள், வந்திருக்கும் உதவி இயக்குநர்களை இரண்டாம் கட்டில் உட்காரவைத்து ஒருவேளை சோறு போட்டுப் பேசிப் பார்க்கலாம். பிள்ளைகள் ஆர்வத்தோடு கேட்டுக்கொள்வார்கள்.

கேள்வி: ‘பார்க்கிங்’ படத்துக்காக எம்.எஸ். பாஸ்கருக்குத் தேசிய விருது கிடைத்தது பொருத்தம்தானா? (வாசகர், கோட்டையூர்)

முழுப் பொருத்தம். 2023ஆம் ஆண்டுக்கான சிறந்த துணை நடிகர் விருதுகளில் ஒன்று அவருக்கு 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதே படம் சிறந்த தமிழ்ப் படமாகவும் தேர்வாயிற்று. சிக்கனமும் நேர்மையுமாக வாழ்ந்த அரசு அலுவலர், மாடி வீட்டு இளைஞனோடு வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டையிட்டுப் படிப்படியாகக் கொடியவராக மாறுகிறார். எந்தக் காட்சியில் அவர் கெட்டவரானார் என்று சுட்டிக்காட்ட முடியாதபடி மாறியிருப்பதுதான் பாஸ்கரின் திறமை. பிறருக்குப் பல ஆண்டுகள் பின்னணிக் குரல் கொடுத்தவர் அவர். முதலில் தணிந்து வருகிற அந்தக் குரல் எப்படி வறண்டு கொண்டே போகிறது என்று கவனியுங்கள்.

கேள்வி: தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு காலத்தில் சினிமா எடுத்தார்கள் என்று என் ஐயா (தாத்தா) சொல்கிறார். கல்லூரியில் யாரும் நம்பவில்லை. (மாணவர், காரைக்குடி)

ஐயா சொல்வது சரி. காரைக்குடியில் பிறந்த, ஏ.வி.எம். நிறுவனர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் இங்கேதான் தம் படப்பிடிப்பு நிலையத்தை அமைத்தார்; 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ இங்கு உருவானதுதான். 1948இல் நிலையம் சென்னை வடபழனிக்குப் போயிற்று. இந்த இதழ் முழுவதும் குரலைப் பற்றியே பேசியிருப்பதால், இன்னொன்றும் சொல்ல வேண்டும். கன்னடத்தில் எடுத்த ‘ஹரிச்சந்திரா’வுக்கு 1944இல் தமிழ்க் குரல் சேர்த்து வெளியிட்டவரும் அவரே, ஒரு மொழியில் நடித்த உதடுகளுக்கு இன்னொரு மொழியைப் பேசவைத்த முதல் இந்தியப் படமாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். மறு ஆண்டு ‘ஸ்ரீ வள்ளி’யில் நாயகி ருக்மணியின் பாட்டு நிறைவளிக்கவில்லை என்று பாடகி பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, அந்தக் குரலை நாயகியின் உதடுகளோடு பொருத்தினார். உங்கள் ஐயாவுக்கு அந்தக் கொட்டகைகள் இருந்த இடம் தெரியுமானால், ஒருநாள் கைபிடித்து அழைத்துப்போய்க் காட்டச் சொல்லுங்கள். அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்து எங்களுக்கு அனுப்புங்கள்.