முதல் தொலைநோக்கி: சிங்கப்பூர் வானத்துக்கு எது பொருந்தும்?

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை எத்தனை வெள்ளி, எந்த நிறுவனம் என்றே தொடங்குகின்றன. அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது, கருவியை எங்கே நிறுத்தி எதைப் பார்க்கப் போகிறோம் என்பதாகும்.

கேள்வி: உயர்நிலை 1இல் படிக்கும் என் மகனுக்கு, பெட்டியில் "525 மடங்கு" என்று அச்சிடப்பட்ட 60 மி.மீ. தொலைநோக்கி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கித் தரலாமா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: வேண்டாம். அந்த எண் பொய்யன்று, ஆனால் பயனற்றது. 700 மி.மீ. குவியத்தூரமுள்ள குழாயில் 4 மி.மீ. கண்ணருகு வில்லையைப் பொருத்தினால் (700 ÷ 4) 175 மடங்கு கிடைக்கும். அதனுடன் உருப்பெருக்கத்தைக் கூட்டும் மும்மடங்கு பார்லோ வில்லையையும் சேர்த்தால் 525 வந்துவிடும். கணக்கு சரிதான். எனினும், ஒரு தொலைநோக்கி எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் என்பதை அதன் முகப்பு வில்லையின் அல்லது ஆடியின் விட்டமே தீர்மானிக்கிறது. ஒவ்வொரு மில்லிமீட்டர் விட்டத்துக்கும் இரண்டு மடங்கு என்பதே நடைமுறை உச்சவரம்பு என்பதால், 60 மி.மீ. கருவியில் 120 மடங்கைத் தாண்டினால் உருவம் பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது. மங்கலும் கலங்கலுமே மிஞ்சும். போதாக்குறைக்கு, இத்தகைய பெட்டிகளில் வரும் முக்காலி குவியத்தைத் திருத்தக் கைவைத்தாலே ஆடும்.

கலிலியோ 1610இல் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கு உருப்பெருக்கத்தில்தான். நிலாவின் பள்ளங்களைப் பார்க்க 50 மடங்கும், சனியின் வளையத்தை நிதானமாகப் பார்க்க 100 மடங்கும் போதும். சனி விஷயத்தில் மகனிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: 2025 மார்ச்சில் வளையம் தன் விளிம்பைப் பூமிக்குக் காட்டி நின்றது. அதன் பிறகு அது ஆண்டுதோறும் மெல்ல விரிந்துவருவதால், படங்களில் உள்ள அகன்ற வளையத்தை உடனே எதிர்பார்க்கக் கூடாது. இன்னும் சிறிது பணம் சேர்த்து, மேசைமீது வைத்துப் பார்க்கும் 114 அல்லது 130 மி.மீ. டாப்சோனியன் (அடிப்பெட்டியில் அமர்ந்து திரும்பும் எளிய ஆடித் தொலைநோக்கி) ஒன்றை வாங்குங்கள். அதுவரை 10 மடங்கு, 50 மி.மீ. இருகண்ணோக்கி ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது. பின்னாளிலும் அது வீணாகாது.

கேள்வி: நாங்கள் வீவக புளோக்கின் 11ஆவது மாடியில் இருக்கிறோம். தாழ்வாரத்திலிருந்தே பார்க்க முடியுமா? எந்த வகை ஏற்றது? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: முடியும், ஆனால் உங்கள் தாழ்வாரம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.3 பாகையில்தான் இருக்கிறோம் என்பதால், கோள்கள் உச்சத்தை அடையும்போது ஏறத்தாழத் தலைக்கு நேர்மேலே வந்துவிடுகின்றன. காற்று மண்டலத்தின் மெல்லிய பகுதி வழியே பார்ப்பதால் உருவம் மிகத் தெளிவாக இருக்கும் நேரமும் அதுவே. தாழ்வாரத்தின் கூரை மறைக்கும் நேரமும் அதுவே. கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த தாழ்வாரமாக இருந்தால் ஏறும்போதோ இறங்கும்போதோ சில மணி நேரம் கிடைக்கும். வடக்கோ தெற்கோ பார்த்ததாயின், கோள்கள் அந்தப் பக்கமாகச் சாய்ந்து செல்லும் காலங்களில் மட்டுமே அவை கிடைக்கும். பகல் முழுதும் வெயில் குடித்த சுவரும் குளிரூட்டிகளின் வெளிப்பெட்டிகளும் வெளிவிடும் வெப்பம் உருவத்தை நெளியவைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எதிர்ப் புளோக்கின் சன்னல்களை நோக்கிக் குழாயைத் தாழ்த்தாதிருப்பது அண்டைவீட்டாருடன் நல்லுறவுக்கு உகந்தது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், மின்தூக்கியில் ஒரே கையில் எடுத்துச் சென்று கீழே புல்வெளியிலோ பிடோக் கடற்கரையிலோ நிறுத்தக்கூடிய கருவியே உங்களுக்கு ஏற்றது. 90 முதல் 127 மி.மீ. வரையிலான மக்சுடோவ் (வில்லையும் ஆடியும் சேர்ந்த தொலைநோக்கி வகை) குட்டையானது; நிலா, கோள்கள், இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றுக்கு நன்றாகப் பயன்படுவது. ஒளிமாசு மிக்க நம் நகரில் நன்றாகத் தெரிபவையும் இவைதாம். 150 மி.மீ. டாப்சோனியன் அதே விலைக்குக் கூடுதல் ஒளியைத் தரும், ஆனால் 1.2 மீட்டர் நீளக் குழாயையும் அடிப்பெட்டியையும் தனித்தனியே சுமக்க வேண்டும். டாப்சோனியன் வகையைச் சான் பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் வழிப்போக்கர்களுக்கு வானத்தைக் காட்டிவந்த ஜான் டாப்சன் (1915-2014) பரப்பினார். கார் வைத்திருப்பவர்களுக்கு என் தேர்வு அதுவே.

கேள்வி: நிலநடுவரைத் தாங்கியுடன் பழைய தொலைநோக்கி ஒன்று விற்பனைக்கு வந்துள்ளது. விண்மீன்களைப் பின்தொடர அதுவே சிறந்தது என்கிறார்களே? (வாசகர், ஈசூன்)

பதில்: ஐரோப்பாவில் அது சரி. இத்தாங்கியின் முதன்மை அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். இலண்டனில் அது 51 பாகை சாய்ந்து நிற்கும், இங்கே ஏறத்தாழப் படுத்துவிடும். தொடக்கநிலைத் தாங்கிகள் பல அவ்வளவு தாழ்வாக இறங்குவதில்லை. இறங்கினாலும் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். சீரமைக்க உதவும் துருவ நட்சத்திரமோ அடிவானத்தோடு ஒட்டிக் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்துகிடக்கிறது. மேல்கீழும் பக்கவாட்டிலும் திரும்பும் எளிய தாங்கியே நமக்குப் போதும். தலைக்கு நேர்மேலே அதைத் திருப்புவது சிரமம் என்பது உண்மைதான். வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால் சற்றுப் பொறுத்தால் சரியாகிவிடும். பழைய கருவி எதையும் வாங்குமுன் வில்லையினூடே கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். வாங்கிய பின்னரும் நம் ஈரப்பதத்தில் அதைத் தடுக்க, சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகா பெட்டியோ ஈரம் நீக்கும் பேழையோ தேவை.

கேள்வி: ஒளிமாசு வடிகட்டி வாங்கினால் விண்மீன் மண்டலங்கள் (கேலக்சிகள்) தெரியுமா? (வாசகி, செங்காங்)

பதில்: தெரியாது. எல்இடி தெருவிளக்குகள் நிறமாலை முழுவதிலும் ஒளியைச் சிந்துவதால் வடிகட்ட எதுவும் தனியே பிரிந்துவராது.

கேள்வி: கைப்பேசியில் படம் காட்டும் "ஸ்மார்ட்" தொலைநோக்கிகள் எப்படி? (வாசகர், பொங்கோல்)

பதில்: மேலே தெரியாது என்று சொன்னவற்றைக் காட்டுவதில் அவை கெட்டி. சீஸ்டார் எஸ்50 போன்றவை பத்து விநாடிப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நகர வெளிச்சத்திலிருந்தும் ஓரியன் நெபுலா என்னும் வாயு மேகத்தை வெளிக்கொணர்கின்றன. ஆனால் 250 மி.மீ. குவியத்தூரத்தில் வியாழன் சிறு புள்ளியாகவே இருக்கும்; கண்வைத்துப் பார்க்க வில்லையும் கிடையாது. சனியைத் தம் கண்ணாலேயே காண விரும்பும் குழந்தைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: பழைய பெட்டியில் "சூரியன்" என்று எழுதிய கறுப்புக் கண்ணாடி ஒன்று கண்ணருகு வில்லையில் திருகுவதற்கு இருக்கிறது. பயன்படுத்தலாமா? (வாசகர், சுவா சூ காங்)

பதில்: உடைத்து எறியுங்கள். குவிந்த வெயிலின் வெப்பத்தில் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கக்கூடும். சூரியனுக்கான வடிகட்டி குழாயின் முன்வாயை முழுதுமாக மூட வேண்டும். காற்றில் கழன்றுவிடாதபடி ஒட்டுநாடாவாலும் கட்டுங்கள். குறிகாட்டிக் குழாய் (இலக்கைத் தேட உதவும் சிறு தொலைநோக்கி) இருந்தால் அதை அகற்றிவிடுங்கள், அல்லது மூடியிட்டு வையுங்கள்.