களஞ்சியத்தில் விடுப்புக் கணக்கு தப்பா? கடவுச்சொல்லை யாரிடமும் நீட்டாதீர்கள்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு உதவியாளர் கேட்கிறார்: "2011-ல் பணியில் சேர்ந்தேன். தமிழக அரசு ஊழியர்களின் சம்பளம், விடுப்பு விவரங்களைக் காட்டும் களஞ்சியம் செயலியில் பார்த்தால் ஈட்டிய விடுப்பு 187 நாளுக்குப் பதில் 172 காட்டுகிறது. துறைத் தேர்வு தேர்ச்சியும் பதிவாகவில்லை. பழைய அலுவலகமும் இப்போதைய அலுவலகமும் ஒருவரையொருவர் கைகாட்டுகின்றன. கம்ப்யூட்டர் சென்டர்காரர் ஒருவர் 2,000 ரூபாய்க்குச் சரிசெய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். அவரால் அதைத் திருத்தவே முடியாது. அலுவலகத்தில் ஒருவர் பதிவிட்டு, இன்னொருவர் சரிபார்த்து, அதிகாரி ஒப்புதல் தந்தால்தான் அங்கே ஒரு எண் மாறும். அவர் செய்யப்போவதெல்லாம் உங்கள் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்ப்பதுதான். நாளைக்கு உங்கள் பெயரில் ஒரு விண்ணப்பம் போனால், 'நான் போடவில்லை' என்று எப்படி நிரூபிப்பீர்கள்? சம்பளப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, அதைக் காட்டிக் கடன் ஆசாமிகளைப் பிடித்துத் தருகிறவர்களும் உண்டு. கருவூலத்தில் இருந்த காலத்தில் இந்தக் கூட்டத்தை நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, கணக்குக்கு வருவோம். மின் பதிவேடு என்பது உங்கள் தாள் பணிப்பதிவேட்டைப் பார்த்து ஏற்றியது. அதனால் முதலில் தாளைப் பாருங்கள். வித்தியாசம் சரியாக 15 நாள் என்பதால் எனக்கு ஒரு சந்தேகம்: முன்பு எப்போதாவது 15 நாள் விடுப்பைச் சரண் செய்திருப்பீர்கள், அதாவது விடுப்பைக் கொடுத்துப் பணமாக வாங்கியிருப்பீர்கள், அது கணினியில் இரண்டு முறை கழிந்திருக்கும். விடுப்புக் கணக்குப் பக்கத்தில் சரண் ஆணையின் எண்ணும் தேதியும் ஒரு தடவைதானே இருக்கிறது? அப்படியானால் அந்தப் பக்கத்தின் நகலே போதும். துறைத் தேர்வுக்குத் தேர்வாணையத்தின் தேர்ச்சி ஆவண நகல்.

தாள் பதிவேடு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்குதான் மனு. பழைய அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். பணம் பெற்று வழங்கும் அலுவலருக்கு, அதாவது உங்கள் சம்பளப் பில்லில் கையெழுத்துப் போடுகிறவருக்கு எழுதி, நகலில் தேதி முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் 'சர்வர் வேலை செய்யவில்லை' என்றே ஆறு மாதம் ஓட்டுவார்கள். பதிவேட்டையே காட்ட மறுத்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் நகல் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். சொந்தப் பதிவேட்டைப் பார்க்க ஒரு அரசு ஊழியர் அரசுக்கே மனுப் போட வேண்டியிருக்கிறது, என்ன சொல்ல.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை, பிறந்த தேதி. தாளில் 5.6 என்றிருந்து கணினியில் 6.5 என்று ஏறியிருந்தால் அது தட்டச்சுப் பிழை, மற்றவற்றைப் போலத்தான் திருத்தம். ஆனால் பள்ளிச் சான்றிதழிலேயே தேதி தப்பு, அதைப் பார்த்துத்தான் தாளிலும் எழுதினார்கள் என்றால் கதை வேறு. பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு 2016-லேயே முடிந்துவிட்டது. 'கணினிக்கு மாறும்போது அதையும் மாற்றிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்குத்தான் ரேட் இன்னும் அதிகமாகக் கேட்பார்கள்.

மனு கொடுக்கும் முன் இப்போதைய 172 காட்டும் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.