படகில் ஏற்றாதது இருக்கட்டும், எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள்?

கேள்வி: நான் சக்கர நாற்காலியில் இயங்குபவள். 'சக்கர நாற்காலிக்கு ஏற்றது' என்று இணையதளத்தில் போட்டிருந்ததை நம்பி, பறவை பார்க்கும் படகுப் பயணத்துக்குப் பணம் கட்டினேன். போனால் படகுத்துறைக்கு ஆறு படிகள். 'உங்கள் பாதுகாப்புக்குத்தான்' என்று எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பினார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாதிப் பணம் தந்தார்கள். பாகுபாடு என்று வழக்குப் போடலாமா?

பதில்: ஊழியர் பேசிய தோரணை, சுற்றி நின்றவர்களின் பார்வை பற்றியெல்லாம் நிறைய எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் நியாயமானதுதான். ஆனால் வழக்கு அதில் நிற்காது; 'ஏற்றது' என்ற அந்த ஒரு சொல்லில்தான் நிற்கும். அவர்கள் திருத்துவதற்குள் அந்தப் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

வெறும் பாகுபாடு என்று போனால் எதிர்த்தரப்பு இயற்கையின் பின்னால் ஒளிந்துகொள்ளும். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006 ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு சுற்றுலாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதே உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவோ, அளவு மீறிய சுமையாகாத வசதிகளைத்தான் கேட்கிறது. அமெரிக்காவின் 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டமும் இதே போக்குதான்: காப்புவனத்துக்குள் சக்கர நாற்காலியைத் தடுக்கக் கூடாது, அதற்காக நிலத்தை மாற்றவும் வேண்டியதில்லை. 'சரிவுப்பாதை கட்டினால் பறவை வராது' என்று ஒரு நிபுணரையும் கூட்டி வருவார்கள். ஏற்கெனவே 'ஏற்றது' என்று விளம்பரம் செய்தவருக்கு அந்த வாதம் உதவாது.

சரி, எனக்குக் கவலை அந்தத் தாள்தான். வழக்குக்காக வக்கீலிடம் வரும் கட்சிக்காரர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 'என் விருப்பப்படி பயணத்தைக் கைவிடுகிறேன்' என்று அதில் இருந்தால், அவர்களுடைய மறுப்பு உங்கள் முடிவாக மாறிவிடும். பாதுகாப்புக்கு உண்மையிலேயே என்ன ஆபத்து என்று அவர்கள் விளக்க வேண்டிய அவசியமே வராது. 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தால் மீதிப் பணத்துக்கே சிக்கல். படிக்காமல் போட்டேன் என்பது பொதுவாக எடுபடாது. வேறு ஏதோ ரசீது என்று சொல்லி வாங்கியிருந்தால் பேசலாம், ஆனால் நிரூபிப்பது உங்கள் வேலை. இன்றே மின்னஞ்சலில் நகல் கேளுங்கள், இரண்டே வரியில். கோபத்தை அதில் கொட்டினால் நாளை அதையே உங்களுக்கு எதிராக வாசிப்பார்கள். சமூக ஊடகத்திலும் இப்போதைக்கு எழுத வேண்டாம்.

'முழுத் தீர்வு' என்ற இரண்டாவது வகைத் தாள் என்றால் சமரசத்துக்குப் போங்கள். மீதிப் பாதி, போக்குவரத்துச் செலவு, அப்புறம் படிகளின் உயரம், பாதையின் அகலம், சரிவு, தரை எப்படிப்பட்டது என்று இணையதளத்தில் எண்களோடு போடுவது: இவ்வளவு கேளுங்கள். கடைசியாகச் சொன்னதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள், செலவில்லையே. மன்னிப்புக் கடிதம் மட்டும் கேட்காதீர்கள், பேச்சு பெரும்பாலும் அங்கேதான் முறிகிறது. 'என் விருப்பப்படி' என்ற முதல் வகை என்றால் நோட்டீஸ் அனுப்பிப் பார்க்கலாம். எதுவானாலும் தாள் கைக்கு வந்த பிறகு.