அம்மாவுக்கு முதுகில் நீர் எடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. ஒரு வருடமாக மறதி. அல்சைமரா என்று பார்க்க முதுகில் நீர் எடுக்கச் சொல்கிறார் நரம்பியல் மருத்துவர். கால் விழுந்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். சாம்பிளை பெரிய லேபுக்கு மலிவாக அனுப்பித் தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கால் விழாது. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே. எடுப்பது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரில் 10 மில்லி அளவுதான். உடல் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி சுரப்பதால், எடுத்தது அரை மணி நேரத்தில் ஊறிவிடும். சிலருக்குச் சில நாள் தலைவலி வரும், படுத்தால் குறையும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரல் மாதிரி ஏதாவது இருந்தால், ஊசி போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். "சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை" என்று சொல்லும்போது இது விட்டுப்போகும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் என்றால் அது அடைத்துக்கொள்ளலாம். எத்தனை நாள் நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதையே இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எனக்குப் பயம் அந்த ஏஜெண்ட்தான். அல்சைமரில் முதுகு நீரில் அமிலாய்டு பீட்டா 42 என்ற புரதம் குறையும், டாவ் என்ற இன்னொரு புரதம் கூடும். இந்த அமிலாய்டு பசை மாதிரி: கண்ணாடியிலும் சாதாரண பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். குழாய் மாற்றி மாற்றி ஊற்றினால் இன்னும் குறையும். நோயே இல்லாதவருக்கும் ரிப்போர்ட்டில் 'குறைவு' என்று வரும்! புரதம் குறைவாக ஒட்டும் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் குழாயில் நேராகப் பிடித்து, லேப் சொன்ன குளிரில், சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கையில் கிடைத்த குழாயில் ஊற்றி, பைக் பெட்டியில் போட்டு, கூரியரில் தள்ளிவிடுபவருக்குக் கமிஷன் மட்டும் கணக்கு. பிறகு ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள்; எந்தக் கருவியில் பார்த்தது, எந்த அளவுக்குக் கீழே போனால் 'குறைவு' என்ற எல்லை எது என்று ஒரு வரி இருக்காது. ஒரு லேபின் எல்லை இன்னொன்றுக்குப் பொருந்தாது. இதைக் கேட்க ஆளில்லை.

ஆகவே மருத்துவமனையே நேரடியாக லேபுக்கு அனுப்பட்டும். அமிலாய்டு 42 மட்டும் போதாது, 42/40 விகிதமும் (40 என்பது அமிலாய்டின் இன்னொரு வகை) பாஸ்போ-டாவும் (பாஸ்பேட் ஒட்டிய டாவ்) வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஒட்டிப் போகும்போது 40-ம் ஓரளவு சேர்ந்தே போவதால் விகிதம் அவ்வளவாகக் கெடாது.

அதற்கு முன்னால், பி12-ம் தைராய்டும் பார்த்தாயிற்றா? அந்தக் குறைபாடுகளாலும் மறதி வரும், மருந்தும் உண்டு. அந்த ரிப்போர்ட் இல்லாமல் முதுகு ஊசிக்குத் தேதி வாங்காதீர்கள்.